எந்த விபத்துக்கான ஹெல்மெட்?

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் இன்னும் ஏறவில்லை. சொந்தக் காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்க வந்தவர்கள் ஸ்க்ரூட்டினி வரிசையில் நிற்கிறார்கள். டயர், பிரேக், பேட்டரி அசையாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வரும் பெரியவர் கடைசியாகத்தான் ஹெல்மெட்டைக் கேட்பார். எனக்கு முன்னால் நின்ற பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பளபளவென்று புத்தம் புதிய ஹெல்மெட்டை நீட்டினான். பெரியவர் அதன் வெளிப்புறத்தைப் பார்க்கவேயில்லை. தலைகீழாகத் திருப்பி, உள்ளே இருந்த துணியை விரலால் விலக்கி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"தம்பி, இது பைக்குக்குப் போடறது."

"ஹெல்மெட்தானே அண்ணா? பதினெட்டாயிரம் குடுத்து வாங்கினேன்."

"நல்ல ஹெல்மெட்தான்ப்பா. ஆனா இன்னிக்கு நீ ஓட்டப்போறது கார்."

அன்றைய நிகழ்ச்சியின் விதி அப்படி. பையன் முகம் வாடிப்போய் ஒதுங்கி நின்றான். பல வருடங்களாக இந்த வரிசையில் நின்றவன் என்பதால் அவன் குழப்பம் எனக்குப் புரிந்தது. விலை உயர்ந்தது, பெயர் பெற்றது, கனமானது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். எல்லா விபத்துக்குமான ஹெல்மெட் என்று ஒன்று கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஹெல்மெட்டும் ஏதோ ஒரு வகை விபத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. எந்த விபத்து என்பது உள்ளே, துணிக்கு அடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னச் சீட்டில் இருக்கிறது.

ஒருமுறை அடிபட்ட என் பழைய ஹெல்மெட்டை ஆக்சா பிளேடு வைத்து இரண்டாக அறுத்துப் பார்த்தேன். அரை மணி நேர வேலை. முதலில் இழை இழையாகப் பின்னிய கண்ணாடி நார் ஓடு. மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். அதற்கு உள்ளே வெள்ளை வெளேரென்று தெர்மாகோல். ஆமாம், டி.வி. பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறார்களே, அதன் இனம்தான், ஆனால் நெருக்கமாக அழுத்திச் செய்தது. அதற்கும் உள்ளே தலையில் படும் மெத்தென்ற பஞ்சும் துணியும். நாம் கடையில் கையை விட்டுப் பார்த்து "நல்லா மெத்துன்னு இருக்கு" என்று திருப்திப்படுவது இந்தக் கடைசி அடுக்கைத்தான். விபத்தில் உயிரைக் காப்பதில் அதன் பங்கு மிகச் சிறியது. காப்பது நடுவில் இருக்கும் தெர்மாகோல்.

அறுத்த இடத்தில் ஸ்கேலை வைத்தேன். அடிபடாத பக்கம் தெர்மாகோல் 35 மில்லிமீட்டர். அடிபட்ட பக்கம் 27. வெளியே ஓட்டில் ஒரு கீறல். அவ்வளவுதான், பாலிஷ் போட்டால் போய்விடும். உள்ளே 8 மில்லிமீட்டர் அமுங்கிக் கிடந்தது. முத்து முத்தாக இருந்த வெள்ளை மணிகள் அந்த இடத்தில் நசுங்கி, அப்பளம்போலத் தட்டையாகியிருந்தன. அந்த 8 மில்லிமீட்டரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளையும் நிறுத்த ஒரு தூரம் வேண்டும். தூரம் கூடினால் மெதுவாக நிற்கும். குறைந்தால் படாரென்று நிற்கும். கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்பது இதற்காகத்தான். தலைக்கும் அதே கணக்கு. விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில், அதாவது ஏறத்தாழ ஆள் உயரத்திலிருந்து விழும் வேகத்தில், தலை ஒரு இரும்புக் குழாயில் மோதுகிறது என்று வையுங்கள். வெறும் தலையானால் தோலும் மயிரும் சேர்ந்து 3 மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்கும். அந்தத் தூரத்துக்குள் நின்றாக வேண்டும் என்றால் புவியீர்ப்பைப்போல 600 மடங்கு வேகக் குறைப்பு. ரேஸ்காரர்கள் பேச்சில் 600 ஜி. அதே தலைக்கு 30 மில்லிமீட்டர் தூரம் கிடைத்தால் 60 ஜி. நிஜத்தில் தெர்மாகோல் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீராக அமுங்காது என்பதால் உச்ச அளவு இதைவிடக் கூடும். ஆனாலும் விஷயம் இதுதான்: ஹெல்மெட் என்பது தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போகும் மூன்று சென்டிமீட்டர் தூரம்.

இதைக் கேட்டதும் பலர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். அமெரிக்காவின் ஸ்னெல் அமைப்பு ஹெல்மெட்டைச் சோதிக்கும்போது ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்திலிருந்து விடுகிறது. மோதும் வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர் அளவுதான். நான் டிராக்கில் 140இல் போகிறேனே, இது எந்த மூலைக்கு? காரின் வேகம் வேறு, தலை போய் மோதும் வேகம் வேறு என்பதுதான் பதில். காரின் முன்பக்கம் நசுங்கும்போது கொஞ்சம் வேகம் அதில் போகிறது. பெல்ட் இழுத்துப் பிடிக்கும்போது இன்னும் கொஞ்சம். மிச்சம் இருக்கும் வேகத்தில்தான் தலை கதவுத் தூணிலோ, ரோல் கேஜ் என்னும் இரும்புக் குழாய்க் கூண்டிலோ போய் இடிக்கிறது. பைக்கிலும் அப்படித்தான், 80இல் போய் விழுந்தாலும், சுவரிலோ கம்பத்திலோ நேராக மோதாதவரை, தலை தரையை நோக்கி இறங்கும் வேகம் அது இருந்த உயரத்தைப் பொறுத்தது. மீதி வேகம் வழுக்கிக்கொண்டு போவதில் கழியும்.

ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது என்கிறார்கள். வெளியே ஒன்றும் தெரியாததுதான் இதில் ஆபத்து. அறுத்துப் பார்க்காமல் எனக்கும் தெரிந்திருக்காது. வெறும் ஹெல்மெட் கைதவறி மேசையிலிருந்து விழுந்தால் கதை வேறு. உள்ளே தலையின் ஐந்து கிலோ இல்லாததால் பெரும்பாலும் சேதம் இராது. தலையோடு அடிபட்டது என்றால் இரக்கம் பார்க்கக் கூடாது.

இனி, எந்த விபத்து என்ற கேள்விக்கு வருவோம்.

பைக் ஹெல்மெட்டின் வரலாறு மருத்துவமனையில் தொடங்குகிறது. 1935இல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற டி.இ. லாரன்ஸ் பைக்கிலிருந்து தூக்கி வீசப்பட்டுச் சில நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அப்போது அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பு அறுவை நிபுணர். தலைக்காயத்தால் சாகும் பைக் ஓட்டிகளைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். பைக் ஹெல்மெட் பற்றிய முறையான மருத்துவ ஆராய்ச்சிக்கு அது பெரிய தொடக்கம். கார் ஹெல்மெட்டின் கதை வேறு இடத்தில். 1956இல் அமெரிக்காவில் வில்லியம் 'பீட்' ஸ்னெல் என்ற அமெச்சூர் பந்தய ஓட்டுநர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளானது. அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது. அந்தக் காலத்தில் நல்லது என்று பெயர் எடுத்த வகைதான். அது காப்பாற்றவில்லை. நண்பர்கள் அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஹெல்மெட்டுகளைத் தானே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்னைவ்லி என்ற மருத்துவரோடு சேர்ந்து 1957இல் ஸ்னெல் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். 1959இல் முதல் தரநிலை வந்தது. இன்று உலகெங்கும் ஸ்க்ரூட்டினி வரிசைகளில் தேடப்படும் சீட்டு, வார இறுதியில் ஆசைக்காகக் கார் ஓட்டிய ஒரு மனிதரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை.

ஸ்னெல் சீட்டில் எழுத்தும் ஆண்டும் இருக்கும். எம் என்றால் மோட்டார் சைக்கிள். எஸ்ஏ என்றால் காருக்கானது. கே என்றால் கார்ட்டிங். எஸ்ஏ 2015, எஸ்ஏ 2020, எஸ்ஏ 2025 என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள்.

எம், எஸ்ஏ இரண்டுக்கும் முதல் வித்தியாசம் நெருப்பு. பைக்கிலிருந்து விழுபவர் வண்டியை விட்டுத் தூரப் போய்விடுகிறார். காரில் இருப்பவர் பெட்ரோல் டேங்க், சூடான என்ஜின், அறுந்த குழாய்கள் எல்லாவற்றோடும் ஒரே பெட்டிக்குள் பெல்ட் போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார். பைக் ஹெல்மெட்டின் உள்துணி பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர். தீப்பட்டால் அது உருகும்; உருகி முகத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எஸ்ஏ தரத்துக்கு உள்துணி, தாடைப் பட்டை, ஓடு, வைசர் எல்லாவற்றிலும் புரொப்பேன் சுடரைக் காட்டிச் சோதிக்கிறார்கள். சுடரை எடுத்ததும் தானாக அணைய வேண்டும்; உள்ளே சூடு ஓர் அளவைத் தாண்டக் கூடாது. 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரோமெய்ன் க்ரோஷான் ஓட்டிய ஃபார்முலா ஒன் கார் 192 கிலோமீட்டர் வேகத்தில், 67 ஜி விசையோடு தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து எரிந்தது. அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக அவர் அந்தத் தீக்குள் இருந்தார். கைகளில் தீக்காயத்தோடு வெளியே நடந்து வந்தார். அவர் போட்டிருந்தது நமக்கு எட்டாத விலையிலுள்ள ஹெல்மெட். ஆனால் தீயைப் பற்றிய சிந்தனை அதுவும் எஸ்ஏவும் பகிர்ந்துகொள்வது.

இரண்டாவது, ரோல் கேஜ். பைக் விபத்தில் தலை தரையில் ஓரிடத்தில் பட்டு, உருண்டு, இன்னோர் இடத்தில் படும். கார் உருளும்போது இருக்கை, பெல்ட், குழாய் மூன்றும் இடம் மாறாது. தலை அதே குழாயில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப இடிக்கும். முதல் அடியில் நசுங்கிய தெர்மாகோலுக்கு இரண்டாம் அடியிலும் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். அதனால் எஸ்ஏ சோதனையில் ரோல் பார் போன்ற உருளை இரும்பின் மேல் ஒரே இடத்தில் பலமுறை மோதவிடுகிறார்கள். உள்ளே தெர்மாகோலை நெற்றிப் பக்கம் ஒரு நெருக்கத்திலும் உச்சியில் வேறொரு நெருக்கத்திலும் வார்ப்பதெல்லாம் இப்படிப்பட்ட கணக்குகளுக்காகத்தான்.

மூன்றாவது, கண் திறப்பு. சாலையில் பைக் ஓட்டுபவருக்குப் பக்கவாட்டில் வரும் லாரி தெரிய வேண்டும்; எம் தரம் அகலமான பார்வையைக் கட்டாயமாக்குகிறது. எஸ்ஏவில் திறப்பு குறுகலாக இருக்கலாம். அதனாலேயே எஸ்ஏ ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அண்ணா சாலையில் பைக் ஓட்டக் கூடாது. ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்ற பேச்சே இல்லை. பையனின் ஹெல்மெட் நல்ல ஹெல்மெட்தான் என்று பெரியவர் சொன்னது ஆறுதலுக்காக இல்லை.

ஆட்டோகிராஸ் மட்டும் ஓட்டப்போகிறவருக்கு? திறந்த மைதானத்தில் கோன் வைத்து வளைத்து வளைத்துப் பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார். வேகம் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கியருக்கு மேல் போகாது. அமெரிக்காவின் எஸ்சிசிஏ அமைப்பு நடத்தும் போட்டிகளில் ஒரு கோனைத் தட்டினால் 2 விநாடி தண்டனை. பெரும்பாலான நாட்களில் அங்கே நடக்கும் மிகப் பெரிய விபத்தும் அதுதான். அங்கே எம் ஹெல்மெட்டையும் ஏற்கிறார்கள். அது சரி என்றே நானும் நினைக்கிறேன். ரோல் கேஜ் இல்லாத சொந்தக் காரில், கோன்களுக்கு நடுவே ஓட்ட, தரமான முழுமுக பைக் ஹெல்மெட் போதும். நம்மூரில் மண் பாதையில் நடக்கும் ஆட்டோகிராஸில் கார் புரளும் வாய்ப்பு கூடுதல். அங்கே நான் எஸ்ஏ பக்கம்தான் சாய்வேன். எதுவானாலும் பணம் கட்டுவதற்கு முன் அந்தப் போட்டியின் துணை விதிகளைப் படியுங்கள். எந்தத் தரம், எந்த ஆண்டு வரை ஏற்பார்கள் என்று அதில் இருக்கும். அடுத்த வருடம் டிராக் டேக்கும் போகலாம் என்ற எண்ணம் மனதில் லேசாக இருந்தால்கூட, இரண்டு முறை செலவழிக்காமல் முதலிலேயே எஸ்ஏ வாங்கிவிடலாம். பழைய ஆண்டுச் சரக்கு விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் அதற்கு மிச்சமிருக்கும் ஆயுளும் குறைவு.

மற்ற முத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் ஐஎஸ் 4151 இருசக்கர வாகனத்துக்கானது. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைச் சாலைக்கு விற்கவே முடியாது. அது சாலைக்கு. ஐரோப்பாவின் ஈசிஇ 22.06 நல்ல தரம். கோணலாகப் படும் அடியில் தலை சுழல்வதையும் அது அளக்கிறது. அதுவும் பைக்குக்குத்தான், தீச்சோதனை கிடையாது. அமெரிக்காவின் டாட் முத்திரையைத் தயாரிப்பாளரே ஒட்டிக்கொள்ளலாம். அரசு பிறகுதான் சிலவற்றை வாங்கிச் சோதிக்கும். டாட் மட்டும் உள்ள ஹெல்மெட்டை டிராக்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8859 காருக்கானது, எஸ்ஏவுக்கு இணையாகப் பல இடங்களில் ஏற்கப்படுவது. எஃப்ஐஏ 8860 உச்சநிலைப் பந்தயங்களுக்கு. 2009இல் ஹங்கேரியில் முன்னால் போன காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் ஒன்று ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஃபெலிப்பே மாசாவின் நெற்றியோரம் அடித்தது. அந்த அனுபவமும் சேர்ந்து, 8860இன் 2018 பதிப்பில் 225 கிராம் உலோகத் துண்டை மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டின் மேல் எய்து பார்க்கிறார்கள். மேல்கூரையும் கண்ணாடியும் உள்ள காரில் ஓட்டும் நமக்கு அந்த விபத்து வராது. வராத விபத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

வரக்கூடிய விபத்து ஒன்று இருக்கிறது. அதில் ஹெல்மெட் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. கழுத்து.

ஐந்து அல்லது ஆறு முனை ஹார்னெஸ் எனும் பந்தய பெல்ட் உடம்பை இருக்கையோடு ஆணி அடித்ததுபோலப் பிடித்துக்கொள்ளும். கார் நேராகச் சுவரில் மோதினால் மார்பு நின்றுவிடும், தலை நிற்காது. தலை 5 கிலோ, ஹெல்மெட் 1.5 கிலோ. 50 ஜி மோதலில் இந்த ஆறரைக் கிலோ, 325 கிலோ எடைபோலக் கழுத்தை முன்னோக்கி இழுக்கும். மண்டையோட்டின் அடித்தளம் பிளப்பது இப்படித்தான். தலை எதிலும் இடிக்க வேண்டியதே இல்லை. 1981இல் நண்பர் ஒருவரை விபத்தில் இழந்த ஜிம் டவுனிங் என்ற அமெரிக்க ஓட்டுநர், உயிர் இயக்கவியல் பேராசிரியரான தன் மைத்துனர் ராபர்ட் ஹப்பர்டிடம் இதற்கு வழி கேட்டார். ஹப்பர்ட் செய்தது ஹான்ஸ்: தோளில் உட்காரும் நுகத்தடி போன்ற ஒரு கருவி, அதிலிருந்து ஹெல்மெட்டின் இரு பக்கமும் போகும் இரண்டு வார்கள். ஹார்னெஸ் நுகத்தடியை அழுத்திப் பிடிக்கும். வார்கள் தலையைப் பிடிக்கும். பத்து, இருபது வருடம் பலரும் இடைஞ்சல் என்று ஒதுக்கினார்கள். 2001 பிப்ரவரியில் டேட்டோனாவில் கடைசிச் சுற்றில் அமெரிக்க ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி, மண்டையோட்டு அடித்தள முறிவால் இறந்தார். அந்த ஆண்டே அந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. 2003இல் ஃபார்முலா ஒன்.

எஸ்ஏ 2015 முதல் வந்த ஹெல்மெட்டுகளில் இந்த வார்களை மாட்டும் திருகுக்கான 6 மில்லிமீட்டர் மரை ஓட்டிலேயே பதிந்து வருகிறது. பைக் ஹெல்மெட்டில் அது இராது. நாமாகத் துளை போட்டு மாட்டினால் ஓடு அங்கே பலவீனமாகும். எம் வேண்டாம், எஸ்ஏ வாங்கு என்று சொல்ல எனக்கு இதுவே பெரிய காரணம். ஹார்னெஸ் போடப் போகிறீர்கள் என்றால் ஹான்ஸும் சேர்த்தே போடுங்கள். ஹார்னெஸ் மட்டும் மாட்டிக்கொண்டு கழுத்துக் காப்பு இல்லாமல் ஓட்டுவது, என் கணிப்பில், கம்பெனி பெல்ட்டோடு ஓட்டுவதைவிட ஆபத்து. காரோடு வந்த மூன்று முனை பெல்ட் உடம்பைக் கொஞ்சம் முன்னே விட்டு, திருப்பி, ஏர்பேக்கில் சாய்க்கும். தலையும் மார்பும் ஏறக்குறையச் சேர்ந்தே போகும். அந்த பெல்ட் ஒரு தோளில் மட்டும் போவதால் சாதாரண ஹான்ஸ் அதோடு வேலை செய்யாது. மூன்று முனை பெல்ட்டுக்கென்றே செய்த வேறு வகைக் கழுத்துக் காப்புகள் உண்டு.

முகம் திறந்த ஹெல்மெட்டா, மூடியதா? வெக்கைக்குத் திறந்தது சுகம், கண்ணாடி போடுபவர்களுக்கு வசதி. ஆனால் ஸ்டியரிங்கும் தாடையும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. நான் மூடியதுதான்.

சீட்டு சரியாக இருந்து அளவு தவறினால் அத்தனையும் வீண். 1976இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நிக்கி லாடாவின் கார் மோதியபோது ஹெல்மெட் தலையிலிருந்து கழன்று போனது. தீ முகத்தைத் தொட்டது அதனால்தான். புருவத்துக்கு மேலே ஒரு அங்குலம் விட்டு, பின்தலையின் புடைப்பான இடத்தைச் சுற்றி தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அது தொடக்கம் மட்டுமே, ஏனென்றால் ஒரே சுற்றளவுள்ள தலைகள் ஒரே வடிவில் இருப்பதில்லை. சிலருக்கு மேலிருந்து பார்த்தால் உருண்டை, சிலருக்கு மாங்கொட்டைபோல நீளவாக்கு. நீளத் தலைக்கு உருண்டை ஹெல்மெட் போட்டால் நெற்றியின் நடுவில் ஒரு புள்ளி மட்டும் வலிக்கும், பக்கங்களில் இடைவெளி இருக்கும். வேறு கம்பெனி பார்க்க வேண்டும். பெரிய சைஸ் வாங்குவது தீர்வு இல்லை.

போட்டுக்கொண்டு, பட்டையைக் கட்டி, ஹெல்மெட்டை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். கன்னத் தோலும் நெற்றித் தோலும் அதோடு சேர்ந்து இழுபட வேண்டும். தோல் நிற்க, ஹெல்மெட் மட்டும் சுற்றினால் ஒரு சைஸ் பெரிது. அடுத்து ஒருவரைப் பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே, முன்னால் தள்ளச் சொல்லுங்கள். நெற்றியைத் தாண்டி உருண்டு வரக் கூடாது. பிறகு கழற்றாமல் கடையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். கழற்றியதும் நெற்றியில் ஒரே சீரான சிவப்பு இருந்தால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் காசு அளவுக்குச் சிவந்திருந்தால் அந்த ஹெல்மெட் உங்களுடையது இல்லை. புதிதில் கன்னப் பஞ்சு அழுத்தி, வாய் லேசாகக் குவியத்தான் செய்யும். சில மாதத்தில் பஞ்சு தளரும். புதிதிலேயே சுகமாக இருப்பது அப்போது லொடலொடக்கும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வளைவில் 1 ஜி பக்கவாட்டு விசை இருந்தால், ஒன்றரைக் கிலோ ஹெல்மெட்டைக் கழுத்து பக்கவாட்டில் ஒன்றரைக் கிலோ சுமையாகத் தாங்குகிறது. இருபது நிமிட ஓட்டத்தில் இது தெரியும். கார்பன் ஓடு இதில் 200, 300 கிராம் மிச்சப்படுத்தலாம். ஆனால் ஒரே சோதனையில் தேறிய கண்ணாடி நார் ஓட்டைவிட அது கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வித்தியாசப் பணத்தைக் கழுத்துக் காப்புக்குத் திருப்பிவிட்டால் உயிருக்கு அதிகம் பயன்.

ஓட்டின் கடினமும் அப்படித்தான். கடினம் கூடக் கூடப் பாதுகாப்பு என்பது நம் கை சொல்லும் பொய். அமுங்க மறுக்கும் ஹெல்மெட் நிற்கும் தூரத்தைக் குறைக்கிறது. ஒரு காலத்தில் ஸ்னெல் தன் பைக் தரத்தில் எல்லா சைஸுக்கும் ஒரே எடையுள்ள தலையை வைத்துச் சோதித்தது. சின்னத் தலைக்கான ஹெல்மெட்டும் பெரிய தலையின் அடிக்கு ஏற்றபடி விறைப்பாகச் செய்யப்பட்டது. நிஜத்தில் சின்னத் தலை எடை குறைவு. அந்த விறைப்பைப் போதிய அளவு நசுக்காது. பலத்த விவாதத்துக்குப் பிறகு எம் 2010இல் சைஸுக்கு ஏற்ற எடை என்று மாற்றினார்கள். தவறு தெரிந்ததும் திருத்திக்கொள்ளும் அமைப்பின் சீட்டை என்னால் நம்ப முடிகிறது.

அந்தச் சீட்டைப் போலியாக அச்சடித்து ஒட்டும் கூட்டமும் இருப்பதால், எதை வாங்கினாலும் ஸ்னெல் வெளியிடும் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் வரிசை எண் இருக்க வேண்டும். யாரோ போட்டுப் பழகிய ஹெல்மெட்டை வாங்காதீர்கள். அதன் 8 மில்லிமீட்டர் எங்கே அமுங்கியிருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது ஸ்னெல். வியர்வை, எண்ணெய், வெயில் எல்லாம் பஞ்சையும் பசையையும் தின்னும். மே மாதச் சென்னையில் பூட்டிய காரின் டிக்கியில் போட்டுவைக்காதீர்கள். பெட்ரோல் தோய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. தெர்மாகோலில் பெட்ரோல் பட்டால் என்ன ஆகும் என்று ஒரு துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கண்முன்னே கரைந்து குழி விழும். சோப்புத் தண்ணீர் போதும்.

அந்தப் பையனுக்கு அன்றைக்கே ஒரு வழி கிடைத்தது. பக்கத்துக் காரின் நண்பர் தன் எஸ்ஏ 2020 ஹெல்மெட்டைக் கொடுத்தார். ஓடிப்போய் மறுபடி வரிசையில் நின்றான். பெரியவர் சீட்டைப் பார்த்தார், தலையாட்டினார், போட்டுக்கொள்ளச் சொன்னார். பட்டையைக் கட்டியதும் பின்னால் போய் நின்று, உள்ளங்கையால் விளிம்பைப் பிடித்து முன்னே தள்ளினார். ஹெல்மெட் அவன் புருவத்தைத் தாண்டி, மூக்கின் மேல் வந்து நின்றது. ஒன்றும் பேசாமல் பட்டையை அவிழ்த்துவிட்டார். அன்று முழுக்க அவன் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் கழித்து அவனை அதே வரிசையில் பார்த்தேன். வெள்ளை நிறத்தில், எந்தப் படமும் கோடும் இல்லாத புது ஹெல்மெட். பெரியவர் உள்ளே பார்த்தார், போடச் சொன்னார், பின்னாலிருந்து தள்ளினார். அசையவில்லை. இன்னொரு முறை பலமாகத் தள்ளினார். பையனின் தலையே குனிந்தது.

"ரொம்ப இறுக்கமா இருக்காப்பா?"

கன்னம் இரண்டும் பிதுங்கியிருந்ததால் அவன் சொன்னது எங்களுக்குச் சரியாகப் புரியவில்லை. பெரியவர் சட்டைப் பையிலிருந்து அன்றைய ஸ்டிக்கரை எடுத்து, ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.